வராந்தாவில் அருகே அமர்ந்த அக்காவுக்கு

தம்பி தீக்காயப் பிரிவில் இருந்தபோது, "பிழைப்பானா?" என்று கேட்டால் "இப்போது சொல்ல முடியாது" என்பதே பதில். மறுநாள் முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் வந்து அமர்ந்தீர்கள். "வீக்கம் முதல் 2 நாள் ஏறும், பிறகு வடியும். காயத்தின் ஆழம் டாக்டர்களுக்கே சில நாள் போனால்தான் பிடிபடும். எதையும் மறைக்கவில்லை அம்மா" என்றீர்கள். உங்கள் மகனுக்கு அன்று 3-வது தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை!

ஆறுதல் சொன்னவர்கள் பலர் (உபதேசம் செய்தவர்கள் அதைவிட அதிகம்). நடப்பதைப் புரியவைத்தவர் நீங்கள்தான். கட்டு மாற்றும்போது தம்பி அலறியதைக் கேட்டு நான் எழுந்து ஓடப் பார்த்தேன். கையை இறுகப் பிடித்துக்கொண்டீர்கள்.

பெயர் கேட்காமலே விட்டுவிட்டேன். நன்றி அக்கா. நேற்று தம்பி தானாகவே சட்டைப் பொத்தானைப் போட்டான்.