பச்சைக் கறி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களுக்குப் பாக்கெட் உணவை நிறுத்திவிட்டு, சமைக்காத கறியும் எலும்பும் கொண்ட பச்சை உணவுக்கு மாறச் சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். எங்கள் வீட்டு நாய்களும் பல வருடங்களாகப் பச்சை உணவுதான் சாப்பிடுகின்றன. அதனால் இதை எதிர்க்கட்சிக்காரி எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஓநாய் எந்த மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட்டது, கறியைப் போடுங்கள், மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்ற தோரணையில் கட்டுரை போகிறது. குட்டிகளுக்கும் அதையேதான் சொல்கிறது. அதை நம்பி யாராவது மூன்று மாதக் குட்டிக்கு எலும்பில்லாத கறியை மட்டும் போட ஆரம்பித்தால், சில வாரங்களிலேயே அதன் கால்கள் வளையத் தொடங்கலாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி. 100 கிராம் சதைக்கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ பத்துப் பதினைந்து மில்லிகிராம் தேறினால் பெரிது. வளரும் குட்டிக்கு இரண்டும் சமமாகவாவது இருக்க வேண்டும், கால்சியம் சற்றுக் கூடுதலாக இருந்தால் நல்லது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் நரம்பும் இதயமும் தடுமாறும் என்பதால், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற சிறு சுரப்பிகள் அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. குட்டி கொழுகொழுவென்று இருக்கும், தட்டை நக்கிக் காலி செய்யும். பிறகு ஒருநாள் நாற்காலியிலிருந்து குதித்ததும் வீலென்று கத்தும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு மங்கலாக, காகிதக் கனத்தில் தெரியும். கால்நடை மருத்துவர்களுக்கு இது புதிய நோயும் அல்ல, அபூர்வமான நோயும் அல்ல.

ஓநாய் மானை அடித்தால் தொடைக்கறியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவதில்லை. விலா எலும்பு, ஈரல், சிறுநீரகம், ரத்தம் எல்லாம் உள்ளே போகின்றன. ஓநாயை முன்மாதிரி என்று சொன்னால் அந்த முழு உடம்பையும் தட்டில் கொண்டுவர வேண்டும். பச்சை உணவுக்காரர்கள் பத்தில் எட்டுப் பங்கு சதை, ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு ஈரல் முதலான உள்ளுறுப்புகள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடங்குவதற்கு அது சரி, ஆனால் அதிலும் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ பெரும்பாலும் போதாமல் போகும். நாய் விரும்புகிறதே என்று ஈரலை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போகும். தைராய்டு சுரப்பி ஒட்டியிருக்கும் தொண்டைக் கறியைத் தொடர்ந்து போட்டால், நாய்க்கே தைராய்டு நோய் வந்ததுபோல் மூச்சிரைப்பும் பரபரப்பும் எடைக் குறைவும் வரும். அமெரிக்காவில் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டிலேயே தயாரிக்கும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளைப் பரிசோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் தேவையான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய செய்முறைகளும் அவற்றில் அடக்கம். அப்படியிருக்க, கண்ணளவில் போட்டால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியதை எப்படி விட்டுவிடுவது?

பாக்கெட் உணவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கிய காலம் முதல், இந்தத் தொழிலில் விளம்பரம் எப்போதும் சத்தமாகத்தான் இருந்திருக்கிறது. 2007-ல் வட அமெரிக்காவில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. உணவில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருள் கலந்திருந்தது. புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்துதான் கணக்கிடுவார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம், ஆகவே மட்டமான சரக்கும் சோதனையில் உயர்ந்த சரக்காகத் தெரியும். கலந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. இந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனாலும் முழுமையான உணவு என்று சட்டப்படி அச்சிட்டு விற்கும் பாக்கெட்டில் கால்சியம், பாஸ்பரஸ் கணக்கையாவது ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்கிறார். நாம் அதை விட்டுவிட்டு வந்தால் அந்த வேலை நம் தலையில்தான் விழும்.

நாயால் மாவுச்சத்தைச் செரிக்கவே முடியாது என்று கட்டுரையில் வருவதும் தவறு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் நாயின் மரபணுக்களை ஓநாயோடு ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள் இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. மனிதனோடு ஒட்டி வாழ்ந்த காலத்தில் நாயின் வயிறு மாறிவிட்டது. அதற்காகத் தட்டு நிறைய மாவை நிரப்பச் சொல்லவில்லை, ஓநாயை எல்லாவற்றுக்கும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது கிருமி. நாயின் இரைப்பை அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று ஒரு வரியில் கடந்துபோகிறார் கட்டுரையாளர். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அதன் மலத்தில் சால்மோனெல்லா உயிரோடு வெளியேறும், வாயிலும் ரோமத்திலும் ஒட்டியிருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், கடையில் விற்ற 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-ல் சால்மோனெல்லாவும் 32-ல் லிஸ்டீரியாவும் இருந்தன. உறையவைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், இந்த பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கறியை மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துத்தான் உருகவிடுவோம். நாய் தின்று முடித்ததும் கிண்ணத்தைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, வைத்த இடத்தையும் துடைப்போம். எலும்பைத் தூக்கிக்கொண்டு மெத்தைக்கு ஓடும் நாயைத் திரும்ப இழுத்து வருவது தினசரிக் கூத்து. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ உள்ள வீட்டில் இத்தனை செய்தாலும் நான் பச்சைக் கறியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உள்ளுறுப்புகளில் இன்னொரு ஆபத்து. செம்மறியின் ஈரலிலும் நுரையீரலிலும் வளரும் நாடாப்புழுக் கட்டியை நாய் பச்சையாகத் தின்றால், புழு நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் நீர்க்கட்டியாக வளரும், பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். நியூசிலாந்து இதை ஒழிக்க, பச்சை உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடுவதைத் தடை செய்து, ஊர் ஊராக நாய்களுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துப் பல பத்தாண்டுகள் போராடியது. 2002-ல்தான் நோய் கிட்டத்தட்ட ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் தேதியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடையும், கூடவே கூடாது. பச்சையானாலும் தொடை எலும்பு போன்ற கனத்த எலும்புகள் மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லைப் பிளந்துவிடும். எலும்பு கூடிப்போனால் மலம் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து உதிரும், நாய் முக்கி முனகும். மறுநாளே அளவைக் குறையுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பச்சை உணவை விடாமல் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். என் நாய்களுக்கு மலம் குறைவாக, இறுகி வருகிறது. தட்டைப் பார்த்ததும் அவற்றின் உற்சாகம் தனி. குட்டிப் பருவத்தில் பச்சை எலும்பும் பதப்படுத்தாத உணவும் சாப்பிட்ட நாய்களுக்குப் பிற்காலத்தில் நாள்பட்ட குடல் நோய் குறைவாகக் காணப்படுவதாக ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அது உரிமையாளர்கள் நிரப்பிய கேள்வித்தாளை வைத்துச் செய்தது, காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லாது. எனக்கு அந்த அளவு நம்பிக்கை போதும். அடுத்தவர் வீட்டுக்கு அதைச் சட்டமாக எழுத மாட்டேன்.

கறியை வேகவைத்துப் போடுவதைக் கட்டுரையாளர் ஏதோ துரோகம்போலப் பேசியிருக்கிறார். எலும்பை நீக்கி வேகவைத்து, அளந்த முட்டை ஓட்டுத் தூளும் மருத்துவர் சொல்லும் தாதுக் கலவையும் சேர்த்தால் தாராளமாகப் போடலாம். குட்டிகள் விஷயத்தில் மட்டும், அதுவும் பெரிய இன நாய்க் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் கெடுதல் என்பதால், கண்ணளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. குட்டிகளைப் பற்றிய பத்திக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் விலங்கு ஊட்டச்சத்து படித்த ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு, குட்டியின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற கால்சியம் அட்டவணை ஒன்றையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி