கோபத்தையும் அவரிடமே சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என்றால் பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், நீயும் "நல்லா இருக்கோம்ப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் காகிதம்.

ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாயாம். "கேட்டுக் கேட்டு வாய் வலிக்குதும்மா, அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றாயாம். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஓசூரில் சிறுநீரகம் கெட்டு ரத்தம் சுத்திகரிக்கும் மாப்பிள்ளையின் டயாலிசிஸ் கட்டில் பக்கத்தில் உட்காருகிறவள் நீ. இதைச் சொல்ல உனக்கில்லாத உரிமை யாருக்கு?

அன்றைக்கு மாப்பிள்ளை இடது கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க மாமா" என்றாரே. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட இடத்தில் விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் உர்ரென்று ஓயாமல் அதிர்ந்தது. "இது ஓடுற வரைக்கும் கவலையில்ல மாமா" என்று சிரித்தார். இந்த வயதில் அவருக்கு ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்.

பேசத்தான் வேறு ஆட்கள் இருக்கிறார்களே. "நல்லவங்களைத்தான் சாமி சோதிக்கும்" என்கிறார்கள். உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்றே ஒருவர் சொன்னாராம். அவர் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையை முழுசாகப் படித்திருக்க மாட்டார். யோபுவின் நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள், இரவு பகலாக, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்துதான் கெடுத்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். யோபு விடவில்லை, கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுகிறார். கடவுள் வாய் திறப்பது 38-ஆம் அதிகாரத்தில். அப்போதும் காரணம் சொல்லவில்லை, கேள்வி மேல் கேள்விதான் கேட்கிறார். ஆனால் கடைசி அதிகாரத்தில் அவர் கோபம் யார்மேல் பார். தன் கட்சி பேசிய அந்த நண்பர்கள்மேல்! என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். எனக்கு அந்த ஓர் இடம் போதும்.

88-ஆம் திருப்பாடலையும் படி. புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் முடிவதற்குள் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். இது இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதையும் யாரும் பைபிளிலிருந்து எடுத்துப் போடவில்லை. அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-ல் புத்தகமாக வந்தன. ஜெபத்தில் கடவுள் இருப்பதே தெரியாமல் எத்தனையோ வருஷம் தவித்ததை அதில் எழுதியிருக்கிறார். அப்படியும் பூசைக்கும் போனார், நோயாளிகளிடமும் போனார்.

சிலுவையில் தொங்கியவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்தினார். அந்த நேரத்தில் வானத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. நீ இப்போது நிற்கிற இடம் அவருக்குத் தெரியாத இடமில்லை, பாப்பா. நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஜெபமாலை சொல்ல வரவில்லையென்றால் விடு. அம்மா உன் பங்குக்கும் சேர்த்துச் சொல்கிறாள். (மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போதே தூங்கிவிடுகிறாள், அது வேறு விஷயம்.) கோபத்தை மட்டும் உள்ளே பூட்டி வைக்காதே. திட்டுவதானால் கடவுளையே திட்டு, கேட்டுக்கொள்வார்.

தோப்பில் செந்தூரா மாம்பழம் பழுத்துவிட்டது. பொட்டாசியம் ஏறும் என்று மாப்பிள்ளைக்கு டாக்டர் தடுத்திருப்பதால் கூடையாக அனுப்பவில்லை. பேரனுக்கு மட்டும் நாலு பழம் கொண்டுவருகிறேன், அவர் எதிரில் நறுக்காதே. வியாழக்கிழமை கிருஷ்ணகிரியில் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவேன். அன்றைக்கு டயாலிசிஸுக்கு நான் கூடப் போகிறேன், நீ வீட்டில் தூங்கு. காப்பீட்டு அட்டையையும், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்த சீட்டையும் எடுத்து வை. வரிசை எங்கே நிற்கிறது என்று நானே கேட்டுக்கொண்டு வருகிறேன்.

அப்பா,
எலத்தகிரி