இரண்டு திகதிகளை ஒன்றாக்கித் தாருங்கள்

வடக்கின் சுகாதாரத்துறைக்குப் பொறுப்பான பெரியோர்களுக்கும் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரிய வைத்தியசாலை ஒன்றின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை கிளினிக்கில், என் தங்கையின் வயிற்றை 11 பேர் பார்த்தார்கள். ஒருவர் நிபுணர், மற்றவர்கள் படிக்கிற பிள்ளைகள். முகம் விழாமல் படம் எடுக்கலாமா என்று முறையாகத்தான் கேட்டார்கள். அவளும் தலையாட்டினாள். "மிகவும் அபூர்வமான கேஸ்" என்று நிபுணர் பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இதைக் குடல் சத்திரசிகிச்சை நிபுணரும் பார்க்க வேண்டும், அவருடைய கிளினிக் வெள்ளிக்கிழமை என்றார். வெள்ளிக்கிழமை போனோம். பிளாஸ்டிக் நிபுணரின் கருத்தை எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அன்று அங்கே இல்லை.

2009 இல் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்த மாசியில் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் காயக்காரரோடு காயக்காரராகத் திருகோணமலை போனவள் அவள். எறிகணைத் துண்டு வயிற்றின் முன்பக்கத் தசையை அள்ளிக்கொண்டு போயிருந்தது. குடல் வீங்கியிருந்ததால் வயிற்றை மூடித் தைக்க முடியவில்லை. சேலைன் பையை வெட்டி விரித்து, அதையே வயிற்றின் மேல் வைத்துத் தைத்தார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1984 இல் ஒரு வைத்தியர் தொடங்கிய முறையாம்; பொகோட்டாப் பை என்றே அதற்குப் பெயர். பின்னர் தொடையிலிருந்து தோலை மெல்லியதாகச் சீவி எடுத்துக் குடலின் மேலேயே ஒட்டினார்கள். அவள் உயிரோடு இருப்பது அந்தக் கைகளால். அவர்களை இன்றும் கும்பிடுகிறோம்.

அந்த ஒட்டுத்தோல் தற்காலிக மூடிதான் என்பதை எங்களுக்கு முதன்முதலில் விளங்கப்படுத்தியவர் ஓர் இளம் வைத்தியர். கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் படம் கீறிக் காட்டினார். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்களாம். குடலை விட்டுத் தனியே எழும்பினால் அடுத்த சத்திரசிகிச்சைக்குக் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றின் இரு பக்கத்துத் தசை அடுக்குகளைப் பிரித்து நடுவுக்கு இழுத்து மூடுகிற முறை 1990 இலேயே எழுதப்பட்டுவிட்டது. ஒட்டிக்கிடக்கிற குடலைப் பொத்தல் விழாமல் பிரித்தெடுக்கக் குடல் நிபுணர், வயிற்றுச் சுவரைத் திரும்பக் கட்டப் பிளாஸ்டிக் நிபுணர். இரண்டு பேரும் ஒரே மேசையருகே நிற்க வேண்டும். பிந்தப் பிந்த வெளியே தள்ளிய குடல் திரும்பிப் போக உள்ளே இடமிருக்காது. வலிந்து தள்ளினால் மூச்சு முட்டும் என்றும் சொன்னார். ஒரு வருடத்தில் கிள்ளிப் பார்த்திருக்க வேண்டிய தோல் அது. 16 வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

அந்தத் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழுப்பு இல்லை, தசை இல்லை, வியர்வையும் இல்லை. சித்திரை வெயிலில் காய்ந்து வெடிக்கும். காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் பூசுவாள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே குடல் நெளிவது வெளியே தெரியும். என் மகன் சின்னவனாக இருந்தபோது, மாமி வயிற்றுக்குள் ஏதோ ஓடுகிறது என்று அழுதிருக்கிறான். பழைய வேட்டியை அகலமாகக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வீட்டு வாசலைத் தாண்டுவாள். இடுப்பில் குடம் வைத்து எத்தனையோ வருடமாகிறது.

அப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு புதுக்குடியிருப்பில் விடியற்காலை முதல் பஸ் பிடிக்கிறோம். விசுவமடு, தருமபுரம் தாண்டும்போதே பஸ் நிரம்பிவிடும். பாடசாலைப் பைகளும் மரக்கறிச் சாக்குகளும் முழங்கைகளும் அவள் வயிற்றின் உயரத்தில்தான் வரும். இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டு இருப்பாள்; கம்பியைப் பிடிக்கக் கை மிஞ்சாது. நான் அவள் பக்கத்தில் முதுகைக் காட்டி வேலி மாதிரி நிற்பேன். பரந்தனில் இறங்கி மறுபடியும் இன்னொரு பஸ். அவளுடைய குடலுக்கும் ஊரார் முழங்கைக்கும் நடுவில் இருப்பது வெங்காயத் தோல் அளவு தடுப்பு. போன மாதம் இப்படி இரண்டு முறை போய் வந்தோம். இரண்டாவது முறை திரும்பி வருகையில் வயிறு முறுக்கி வாந்தி எடுத்தாள். உடையார்கட்டில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே கேட்கிறோம்: இரண்டு நிபுணர்களும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். மாதத்தில் ஒரு நாள் போதும்.

"அபூர்வம்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மாநாட்டுத் திரையில் அவள் அபூர்வமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் இரண்டு ஒழுங்கை தள்ளிப் போனால் தாடையில்லாமல் கஞ்சி உறிஞ்சுகிறவர் இருக்கிறார். விளக்குச் சரிந்து எரிந்ததில் கழுத்துத் தோல் நெஞ்சோடு இழுபட்ட பிள்ளை இருக்கிறாள். தலை நிமிராததால் அவளுக்குக் குழாய் விட்டு இரைப்பை பார்ப்பதே பெரிய பாடு. எங்களிடம் வந்து கேளுங்கள், அபூர்வத்தை வீடு வீடாகக் காட்டுகிறோம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது உடலில் இரும்பு ஏதும் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினோம், அத்தோடு அனுப்பிவிட்டார்கள். காந்தம் இழுக்கும் என்பது நியாயந்தான். அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை. துண்டு கொடுக்கும் இடத்தில் ஒருவர் பிளாஸ்டிக் கிளினிக் என்றதும் "மூக்குக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். புதுக் கட்டடங்களுக்கு நாடா வெட்ட வருகிற பெருமக்களுக்கோ ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை. அத்தனை பேரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே மேடையில் வந்து சேர்கிறார்கள். எப்படித்தான் திகதி பொருந்துகிறதோ.

மன்னிக்க வேண்டும். சண்டை பிடிக்க இதை எழுதத் தொடங்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், மிஞ்சியவர்கள் எத்தனை பேரின் வேலையைச் சுமக்கிறார்கள் என்பதையும் கண்ணால் காண்கிறோம். முல்லைத்தீவுக்கு ஒரு பிளாஸ்டிக் நிபுணரை நிரந்தரமாகத் தாருங்கள் என்று கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் இருவரையும் மாங்குளத்துக்கு அனுப்புங்கள். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம். வன்னியின் எந்தப் பக்கத்திலிருந்தும் ஓட்டோ பிடித்தாவது வந்துவிடுவோம். அதுவும் முடியாதென்றால், நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருவரும் ஒரே நாளில் பாருங்கள்.

அவளுடைய கொப்பியில் இப்போது இரண்டு திகதிகள் இருக்கின்றன. முதலாவது அடுத்த மாதம் முதல் செவ்வாய், பிளாஸ்டிக். மற்றது அதிலிருந்து மூன்று கிழமை கழித்து வருகிற வெள்ளி, குடல். எந்தத் திகதியை எந்தத் திகதிக்கு மாற்றினாலும் எங்களுக்குச் சம்மதம். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அண்ணன்