பத்தாவதோட நின்னுபோற குடிமையியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க நடுப்பக்கக் கட்டுரையில "சட்டம் போட்டு குடிமை உணர்வை ஊட்ட முடியாது, அது வீட்லேர்ந்து வரணும்"னு ஒரு வரி வந்துச்சு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் சமூக அறிவியல் நடத்தினவ நான், படிச்சதும் மனசு ரொம்ப சங்கடமாப் போச்சு. எழுதினவர் மேல கோபமில்லீங்க, உங்க பேப்பர்லயே இப்படி வந்துடுச்சேன்னுதான் வருத்தம். தமிழ்நாட்டுல பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம்னு 2006ல சட்டம் வந்ததும் என்ன மாறுச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதுக்கு முன்னாடி தமிழே எடுக்காம ஒரு பிள்ளை பத்தாவது முடிச்சிட முடியும். சட்டம் வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்ச பல ஸ்கூல்ல தமிழுக்கு டைம்டேபிள்ல இடமே வந்துச்சு. உணர்வு அப்புறம் வரட்டும், முதல்ல பீரியட் வரணும்ல.

வீட்லேர்ந்து வரணும்னா எந்த வீட்லேர்ந்து? அப்பா அம்மாவும் 'குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை'ன்னு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தவங்கதானே.

பத்தாவது வரைக்கும் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலும் ஒரே பாடமாத்தான் இருக்கு, வரலாறும் மேப்பும் முடியறதுக்குள்ள ரிவிஷன் டெஸ்ட் வந்துடும், கணக்குல பசங்க வீக்னா முதல்ல போறதும் என் பீரியட்தான். "இதெல்லாம் அவங்களே படிச்சுக்குவாங்க டீச்சர், முக்கியமான கேள்வி மட்டும் குறிச்சுக் குடுங்க"ன்னு ஒரு ஹெச்.எம். பிள்ளைங்க முன்னாடியே சொன்னார். மாணவர் தலைவரை ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கலாம்னு கேட்டேன், படிப்பு கெடும்னு அவரே ஒரு பையனை நியமிச்சுட்டார். ஆனா ஜனவரி 25 வாக்காளர் தினம்னா மட்டும் அதே பிள்ளைங்களை வெயில்ல ஊர்வலம் கூட்டிட்டுப் போய் உறுதிமொழி வாசிக்க வைக்கணும்.

அந்தக் குடிமையியலும் பத்தாவதோட சரி. பிளஸ் ஒன்ல சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளை அதுக்கப்புறம் அரசியல் சட்டத்தைப் பத்தி ஒரு வரி படிக்க வேண்டியதில்ல. 1989லேர்ந்து ஓட்டு வயசு 18, பதினேழு வயசானவங்களே வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கற ஃபார்ம் 6 முன்கூட்டியே குடுக்கலாம்னு தேர்தல் கமிஷன் 2022ல சொல்லிடுச்சு, அதாவது பிளஸ் டூ கிளாஸ்ல உட்கார்ந்திருக்கற பிள்ளைங்க. சரியா அந்த ரெண்டு வருஷத்துலதான் நாம இந்தப் பாடத்தைப் பிடுங்கிடறோம்.

என்கிட்ட படிச்சு நல்ல மார்க் எடுத்து இப்ப நல்ல வேலையில இருக்கற ஒரு பையன், தெருவுல சாக்கடைத் தண்ணி நிக்குதுன்னு எம்.பி. ஆபீசுக்கு லெட்டர் போட்டுட்டு பதிலே வரலன்னு வந்து நின்னான். வார்டு கவுன்சிலர் யாருப்பான்னேன், தெரியல. 10 ரூபா கட்டணத்துல தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு ஆர்.டி.ஐ. மனு போட்டா 30 நாளுக்குள்ள பதில் குடுத்தாகணும்னு சொன்னதும் "இதை ஏன் டீச்சர் ஸ்கூல்ல யாருமே சொல்லிக் குடுக்கல"ன்னு கேட்டான். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்தப் பீரியட்ல உங்களுக்கு வேற டெஸ்ட் வெச்சாங்கப்பான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

சட்டத்தால முடியாதுன்னா, இங்கிலாந்துல 2002லேர்ந்து செகண்டரி ஸ்கூல்கள்ல குடிமையியல் எப்படிக் கட்டாயப் பாடமாச்சு? அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2018ல போட்ட சட்டப்படி, எட்டாவதுல ஒண்ணு, ஹைஸ்கூல்ல ஒண்ணுன்னு பிள்ளைங்களே முன்ன நின்னு செய்யற குடிமை ப்ராஜெக்ட்டை அரசுப் பள்ளிகள் நடத்தியாகணும். நமக்கு கிராம சபைன்னு ஒண்ணு அரசியல் சட்டத்துலயே இருக்கு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாட்கள்ல கூடுது. எந்த குரூப்பா இருந்தாலும் பிளஸ் ஒன் பிள்ளை ஒரு சபைக்குப் போய் உட்கார்ந்து, என்ன தீர்மானம் போட்டாங்க, யார் பேசினாங்க, யாரைப் பேச விடலன்னு எழுதிட்டு வரணும், அதுக்கு மார்க் உண்டு, அந்தப் பீரியடை வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னு சட்டசபையில ஒரு சட்டம் கொண்டு வந்தா என்ன குறைஞ்சிடும்?

சட்டம் போடறது உங்க கையில இல்லன்னு தெரியும். உங்க மாணவர் பக்கத்துல வாரா வாரம் நீட் மாதிரி வினா முழுப் பக்கம் வருது, அதுல கால் பக்கம் இதுக்குக் குடுங்க. ஆர்.டி.ஐ. மனு எப்படி எழுதறது, எந்தப் புகாரை எந்த ஆபீஸ்ல குடுக்கறதுன்னு நானே எழுதி அனுப்பறேன், சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை