தாய்மாமன் தட்டு

ஏய் மல்லி,

திட்டாதே. நாலு மாசமா உன் மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரல் மட்டும் போட்டுக்கிட்டு இருந்தேன், தெரியும். உங்க அத்தைக்கு மூட்டு ஆபரேஷன்னப்பகூட வரல. நடக்குறாங்களா? சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பாப்பாவுக்கு வரன் அமைஞ்சிருக்கு. நாமக்கல் பக்கம், பையனுக்கு பேங்க் வேலை. வர்ற ஞாயித்துக்கிழமை நிச்சயம், வீட்லயே. இவரு ஒரு நாள் ராத்திரி மெதுவா ஆரம்பிச்சாரு, உங்க அண்ணனை குணசீலத்துல விட்டுட்டு வந்துரலாமா, அங்கதான் மனசு சரியில்லாதவங்கள 48 நாள் தங்கவைக்கிறாங்களே, கோயில்தானேன்னு. தட்டு தூக்க பெரியப்பா பையனை கூப்டுக்கலாமாம். நானும் சரின்னுட்டேன்டி. அத யார்கிட்டயும் சொல்ல முடியல, அதான் உனக்கு எழுதுறேன்.

பாப்பாவ மடியில வெச்சு காது குத்துனதே அண்ணன்தான். அழுதுச்சுன்னு அதுவும் சேந்து அழுதத நீ பாத்தியே. இந்த மனச்சிதைவு சீக்கு அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுதான். இப்ப குளோசாபின் மாத்திரை போடுறதுலேர்ந்து குரல் கேக்குறது ரொம்ப கம்மி, மாசாமாசம் ரத்தம் குடுத்து வெள்ளணு பாக்கணும், அதுக்கு தானே பஸ் ஏறி போய்ட்டு வருது. ஆனா ராத்திரி எச்சி ஊறி தலகாணி நனையும், கை நடுங்குறதால டம்ளர்ல பாதிதான் காபி ஊத்துவேன். பாக்குறவங்க அதத்தான் பைத்தியம்னு நினைக்கிறாங்க. எச்சி மாத்திரையால வர்றதுடின்னு வாசல்ல நின்னு கத்தணும்போல இருக்கு.

மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு 'எங்க பரம்பரைக்கே சுகர்'னு சிரிச்சுக்கிட்டே கேசரிய தள்ளி வெச்சாங்க. எவ்ளோ ஈசியா சொல்லிட்டாங்க பாரேன்! நான் அந்நேரம் உள்ரூம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன், வெளிய தாழ்ப்பா போட்டிருந்தேன். ஒரு மணி நேரம். அண்ணன் தட்டவே இல்ல, அதான் இன்னும் உறுத்துது.

டாக்டர்கிட்ட தனியா போய் பரம்பரையா வருமான்னு கேட்டேன். பொதுவாவே நூத்துல ஒருத்தருக்கு வர்றதும்மா, தாய்மாமனுக்கு இருந்தா மூணு நாலு பேருன்னு வெச்சுக்கங்க, மிச்ச தொண்ணூத்தாறு பேருக்கு வராதுன்னாரு. இத எந்த கல்யாண புரோக்கர் சொல்லுவான்?

சரின்னு சொன்ன ராத்திரி ஹாஸ்டல் டிவி ரூம் ஞாபகம் வந்துச்சு. 2001 ஆகஸ்ட், ஏர்வாடி மனநோய் காப்பகத்துல தீப்பிடிச்ச நியூஸ். சங்கிலியோட கட்டிப்போட்டிருந்த 28 பேரு வெந்து செத்தாங்களே, நீ அன்னிக்கு சாப்பிடவே இல்ல, நான் உன் தயிர்சாதத்தையும் சேத்து தின்னேன். அவங்க ஒவ்வொருத்தர் வீட்லயும் யாராவது 'விட்டுட்டு வந்துரலாம்'னு இப்படித்தானே மெதுவா ஆரம்பிச்சிருப்பாங்க. இப்ப 2017 மனநல சட்டத்துல சங்கிலி போடவே கூடாதுன்னு இருக்கு. நான் போட்டது வெறும் தாழ்ப்பாதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், கேவலமா இருக்குடி.

நாம மட்டும் என்ன ஒழுங்கா? வார்டனுக்கு 'கீழ்ப்பாக்கம்'னு பேரு வெச்சது யாரு, நீதான். (நான் கைதட்டினேன், அது வேற.) 1794லேர்ந்து இருக்குற மனநல ஆஸ்பத்திரி, எத்தன குடும்பத்துக்கு வழி காட்டியிருக்கு, நமக்கு அது திட்டுறதுக்கு ஒரு வார்த்தை.

நேத்து அண்ணன் கேட்டுச்சு, 'ஞாயித்துக்கிழமை தட்டு யாரு தூக்குறா?' நான் பதில் சொல்லாம மொளகா காய வெக்க மாடிக்கு போய்ட்டேன். இறங்கி வந்து பாத்தா வெள்ளைச் சட்டைய தேச்சு கட்டில்ல மடிச்சு வெச்சிருக்கு. காலர்ல ஒரு பக்கம் சுருக்கம் போகவே இல்ல. பாப்பா அதப் பாத்துட்டு பையனுக்கு அவளே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. அவன் 'அம்மாகிட்ட பேசிட்டு சொல்றேன்'னானாம். இன்னும் போன் வரல. இவரு என்னோட பேசுறதில்ல.

குணசீலத்துக்கு அனுப்பல மல்லி. வந்தா வரட்டும், வராட்டி கேசரிய நாமளே திம்போம். நீ சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிடு. கூட்டம்னா அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டும், பக்கத்துல உக்கார தெரிஞ்ச ஆள் வேணும். உன்னைப் பத்தி சொன்னதும், 'அவ எனக்கு ஒரு கேரம் ஆட்டம் பாக்கி வெச்சிருக்கா'ங்குது. வரும்போது போரிக் பவுடர் வாங்கிட்டு வா, வீட்ல இல்ல.

உன்,
சுமதி