நிறைப் பாடத்தை இருதட்டுத் தராசில் தொடங்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். எடை என்பது அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை, அலகு நியூட்டன். சிறுவர் பக்கங்களில் வரும் இந்த வரையறையில் பிழை இல்லை. குழந்தை அதை ஒப்பித்துவிட்டு, மளிகைக் கடையில் ‘எடை ரெண்டு கிலோ’ என்றுதான் சொல்லும். கடைப்பேச்சை யாரும் திருத்த வேண்டாம். (இணையத்தில் இலங்கைப் பாடங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு: அங்கே நிறை என்றால் நம் எடை, நம் நிறைக்கு அங்கே திணிவு என்று பெயர்.) சொல்லைவிட, வேறுபாடு கைக்குப் புரிய வேண்டும். அதற்கு எண் காட்டும் மின்னணுத் தராசு போதாது.

மின்னணுத் தராசும் சுருள்வில் தராசும் உணர்வது விசையைத்தான். பூமத்தியரேகையில் சரிபார்த்த ஒன்றைத் துருவத்துக்குக் கொண்டுபோனால், அதே ஒரு கிலோ கல்லுக்குச் சுமார் 1005 கிராம் காட்டும். நிலவில் ஏறத்தாழ 166 கிராம். இருதட்டுத் தராசில் இரு பக்கமும் ஒரே ஈர்ப்பு என்பதால், நிலவிலும் ஒரு கிலோ கல்லுக்கு ஒரு கிலோ அரிசிதான் சமமாக நிற்கும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். பலரும் சொல்லும் சட்டை ஹேங்கர் சரிப்படாது: தட்டுகள் கொக்கிக்கு வெகு கீழே தொங்குவதால், ஓரிரு கிராம் வித்தியாசத்துக்குக் கண்ணுக்குத் தெரியும்படி சாயாது. 30 செ.மீ. மர ஸ்கேல் நல்லது. 1, 15, 29 செ.மீ. கோடுகளில் மூன்று துளைகள் போட வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில், ஸ்கேலின் அகல நடுவுக்கு 3 அல்லது 4 மி.மீ. மேலே. நடுத்துளையில் வழவழப்பான ஆணி, ஓரத்துளைகளில் நூல் கட்டிய காகிதக் கிண்ணங்கள். நடுத்துளை அகலத்தின் சரிநடுவில் விழுந்தால் ஸ்கேல் சாய்ந்த நிலையிலேயே நிற்கும்; இன்னும் கீழே போனால் தலைகீழாகக் கவிழும். ‘வேலை செய்யவில்லை’ என்று தூக்கிப் போடப்படும் தராசுகளில் பெரும்பாலும் கோளாறு இந்தத் துளையில்தான். மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து எடைக்கற்கள். நாணயம் வேண்டாம், ஒரு ரூபாய் நாணயமே வெளியான ஆண்டைப் பொறுத்து வேறு வேறு நிறை. தண்ணீர் போதும். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் எடுத்த தண்ணீர் 10 கிராம். 30 டிகிரி வெப்பத்திலும் அரை சதவீதம்கூடக் குறையாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நடுத்துளை ஒரு மி.மீ. தள்ளிப்போனாலே தராசுக் கைகளின் (நடுத்துளையிலிருந்து ஓரத்துளை வரை) நீளம் 14.1, 13.9 செ.மீ. ஆகிவிடும், 100 கிராமுக்கு 1.4 கிராம் பிழை. இதைத் தாண்டப் பழைய ஆய்வகத் தந்திரம் ஒன்று இருக்கிறது. இடக் கிண்ணத்தில் சின்னக் குப்பி வைத்து 10 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். வலக் கிண்ணத்தில் மணல் போட்டுச் சமன் செய்யுங்கள். வலப்பக்கத்தை இனித் தொடக்கூடாது. குப்பியைக் காலிசெய்து, உள்ளே நன்றாகத் துடைத்து, அதே இடத்தில் வைத்து, பக்கத்தில் சிறு பிளாஸ்டிக் பையைப் போட்டு, மீண்டும் சமமாகும்வரை பையில் மணல் சேருங்கள். பையும் மணலும் சேர்ந்து 10 கிராம். தண்ணீர் இருந்த அதே கையில் மணலும் தொங்கியதால், கைகள் சமமில்லாவிட்டாலும் கவலை இல்லை. வெறும் கிண்ணங்கள் சமமாக நிற்காவிட்டாலும் பரவாயில்லை. மணலை முதலில் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈர மணல் நாளடைவில் உலர்ந்து நிறை குறையும்.

இப்படி 1, 2, 2, 5, 10, 20, 20, 50 கிராம் பைகள் எட்டு இருந்தால், 1 முதல் 110 வரை எந்த முழுக் கிராமையும் நிறுக்கலாம். இரண்டும் இருபதும் ஏன் இரட்டையாக இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பிறகு கடைக்கு அழைத்துப் போய் இரும்பு எடைக்கல்லைத் திருப்பிக் காட்டலாம். அடியில் உள்ள குழியில் ஈயம் நிரப்பி முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தக் கல் இன்னொரு கல்லோடு ஒப்பிடப்பட்டது, அது வேறொன்றோடு. இப்படியே போனால் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் நாட்டின் தரக் கிலோகிராமாக உள்ள 57ஆம் எண் பிளாட்டினம்–இரிடியம் கட்டி. அதற்கும் மூலம் பாரிஸ் அருகே செவ்ரில் இருக்கும் உருளை. 1889 முதல் 2019 வரை அதுதான் கிலோகிராம். 2019 மே 20 முதல், பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் மாறாத இயற்கை அளவை வைத்தே கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. வினாத்தாளில் இன்னும் உருளையைத்தான் விடையாக எதிர்பார்த்தால், அந்த வினாவை மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்