ஆண்டறிக்கை: ஊசியிலை மரங்களும் பட்டை வண்டுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகம் வழக்கம்போல் இயங்கியது. இரவல் போன புத்தகங்கள் சில வழக்கம்போல் திரும்பவில்லை. எனவே நேராக இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருகிறேன்: மரப்பட்டையைத் துளைத்து உள்ளே வாழும் பட்டை வண்டுகளுக்கு, பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களில் எது ஈடுகொடுக்கிறது, ஏன்?

வாசிப்புக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது சிவப்பு டர்பன்டைன் வண்டு. தாயகமான வட அமெரிக்காவில் அது பெரும்பாலும் நலிந்த மரங்களையும் வெட்டிய அடிக்கட்டைகளையும் நாடும் பூச்சி. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 1998-இல் தலைகாட்டியபின், நல்ல நிலையில் இருந்த பைன் மரங்களையும் லட்சக்கணக்கில் சாய்த்தது. வண்டோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய மரத்திடம் அதற்கேற்ற தற்காப்பு உண்டு, புதிதாக எதிர்கொள்ளும் மரத்திடம் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கமே. வண்டு சுமந்து செல்லும் ஒரு பூஞ்சையும் அங்கே கைகொடுத்தது. அது பட்டைக்குள் பரவியதும் மரம் 3-கேரீன் என்ற வாசனைப் பொருளைக் கூடுதலாக உண்டாக்க, அந்த வாசனைக்கு மேலும் வண்டுகள் வந்து சேர்ந்தன.

பைன் மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த கூட்டம்தான் என்னைக் கேட்டால் ஆண்டின் சிறந்த கூட்டம். ஆண்டு வளையங்களுக்குள் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. அவையே பிசின் நாளங்கள். வண்டு துளைத்ததும் அழுத்தத்தில் இருக்கும் பிசின் பீறிட்டு அதை வெளியே தள்ளும், அல்லது அங்கேயே மூழ்கடிக்கும். வேகமாக வளரும் மரமே வலுவான மரம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். ஆனால் பான்டரோசா பைன் போன்ற மரங்களில் நடந்த ஆய்வுகளில், தாக்குதலில் பிழைத்தவற்றை அடையாளம் காட்டியது வளர்ச்சி வேகத்தைவிடப் பிசின் நாளங்களே. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பிசின் மட்டுமே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ப்ரூஸ் மரத்தின் உட்பட்டையில் பாலிபீனால் என்ற தற்காப்பு வேதிப்பொருள் நிறைந்த செல்கள் வரிசையாகக் காவல் நிற்கின்றன. ஃபிர் மரத்தின் கட்டையில் இயல்பாகப் பிசின் நாளங்கள் கிடையாது. காயம் பட்டபின்தான் உருவாகும். லிம்பர் பைனில் வழவழப்பான பட்டையுள்ள மரங்கள் அதிகம் தப்புகின்றன, வண்டின் கால்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. லிம்பர் பைனோடு மலையில் சேர்ந்து நிற்கும் பிரிசில்கோன் பைனை, வட அமெரிக்காவின் இன்னொரு பட்டை வண்டான மலைப் பைன் வண்டு பெரும்பாலும் சீண்டுவதே இல்லை. அதன் கட்டை அடர்த்தியானது, பிசினிலுள்ள டெர்பீன் என்ற வாசனைப் பொருள்களும் மிகுதி.

வண்டும் சும்மா இருப்பதில்லை. மலைப் பைன் வண்டு, பிசினிலுள்ள ஆல்பா-பைனீனையே மாற்றி, தன் இனத்தைக் கூப்பிடும் வாசனையாக்கிக்கொள்கிறது. கூட்டம் பெருகினால் திடகாத்திரமான மரமும் தாங்காது. கடும் வறட்சி வந்தால் பிசின் சுரப்பு குறையும். பிறகு சிறு கூட்டமே போதும்.

செயற்குழுவின் சார்பில் ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். வண்டுத் தாக்குதலுக்குப் பின் பட்ட மரங்களை அகற்றும்போது, நடுவே பச்சையாக நிற்பவற்றையும் சேர்த்து வெட்டிவிடும் பழக்கம் பல காடுகளில் உண்டு. மலைப் பைன் வண்டுக்குத் தப்பிய மரங்கள் மரபணு அளவிலேயே வேறுபட்டவை என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அப்படியிருக்க, அடுத்த தலைமுறைக்கு விதை தர வேண்டிய மரங்களையே விறகாக்குவது மடமை. பிழைத்த மரங்களை வெட்டாமல் விட்டு, அவற்றிலிருந்து விதை எடுக்க வேண்டும் என்று நம் சங்கம் வனத்துறையினருக்கு எழுத வேண்டும். கடிதத்தின் வரைவு மேசையில் இருக்கிறது. திருத்தங்களை இன்றே சொல்லிவிடுங்கள்.

அறிக்கையை ஏற்றுத் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்